ஐந்தைத் தாண்டினால்தான் வண்டி

லண்டன்



இந்த வாரம் நண்பரின் காரில் பர்மிங்ஹாம் போனேன். அவர் இன்சுலின் போடுபவர். பாதி வழியில் அவருக்கு நெற்றி வேர்த்தது. சாதாரணமாகக் கேட்டதற்கே எரிந்து விழுந்தார். உடனே வண்டியை நெடுஞ்சாலை ஓய்விடத்துக்குத் திருப்பி, விரலைக் குத்திப் பார்த்தார். சர்க்கரை 3.6. சாவியை எடுத்துவிட்டு, பக்கத்து இருக்கைக்கு மாறி உட்கார்ந்து, குளுக்கோஸ் மாத்திரைகளை மென்றார்.

இந்நாட்டு ஓட்டுநர் உரிமத் துறையின் விதி அது. இன்சுலின் போடுபவர், வண்டி எடுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் சர்க்கரை பார்த்திருக்க வேண்டும். ஓட்டும்போதும் இரண்டு மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும். 5-க்கு மேல் இருந்தால் கிளம்பலாம். இல்லையென்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான். 4-க்குக் கீழே என்றால் ஓட்டவே கூடாது. நம் ஊர்க் கணக்கில் 5 என்பது 90, 4 என்பது 72. இனிப்பு சாப்பிட்டு அளவு சரியான பிறகும் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறினாலும் மூளை தெளியத் தாமதமாகும். போலீஸ் இல்லை, கேட்க ஆளில்லை. ஆனாலும் நண்பர் அந்த 45 நிமிடமும் அசையவில்லை.

நம் வீடுகளில் சர்க்கரை ஏறிவிடுமோ என்றுதான் பயம். இறங்குவதை யார் நினைக்கிறார்கள்? கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, அகோரப் பசி, வாய்குழறல் எல்லாம் வந்தாலும் ‘பித்தம்’, ‘களைப்பு’ என்று படுத்துக்கொள்கிறோம். சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு சஷ்டி விரதம் இருப்பவர்கள் எத்தனை பேர்! டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஆனால் ஒன்று. மதுரை பஸ் ஸ்டாண்டில் ஒருவர் தள்ளாடினால் தாங்கிப் பிடிக்க ஒருவர், சோடா வாங்க ஒருவர் என்று ஓடி வருவார்கள். இங்கே குடித்திருக்கிறார் என்று விலகிப் போகிறார்கள். ஓடி வரும் அந்த மனசை எந்தச் சட்டமும் கொடுக்காது.

ஓடி வருகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கட்டும். நினைவிருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். கால் மணி நேரம் கழித்தும் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.