நடை சாத்திய நேரம்

சிற்பம் பார்க்க எனக்குள்ள தெம்பு ஒரு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அதற்கு மேல் எப்பேர்ப்பட்ட கோவிலாக இருந்தாலும் தூண் வெறும் தூணாகத்தான் தெரியும். கூட வந்தவர்கள் ஒவ்வொரு மண்டபத்திலும் வாய் பிளந்து நிற்கையில் நான் அடுத்த காபியை நினைத்துக்கொண்டிருப்பேன். வரலாற்று ஆர்வலன் என்று பெயர் வாங்கிவிட்டதால் இதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

கும்பகோணம் பக்கம் போய்வரத் தொடங்கிய பிறகுதான் இதற்கு ஒரு வழி பிறந்தது. அந்தப் பக்கத்துக் கோவில்களில் மதியம் நடை சாத்தினால் திறக்கச் சாயங்காலம் ஆகும். முன்பெல்லாம் அந்த இடைவேளையை லாட்ஜில் ஃபேனுக்கு அடியில் புரண்டு, கோவில்காரர்களைத் திட்டியே கழிப்பேன். இப்போது ஊருக்குப் போவதே பாதி அந்த நேரத்துக்காகத்தான்.

தாராசுரத்தையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோவில். தஞ்சைப் பெரிய கோவில் 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இதுவும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004இல்தான் அதோடு சேர்ந்தன. வருகிறவர்கள் தேர் போன்ற மண்டபத்தின் சக்கரத்தருகே நின்று படம் எடுத்துக்கொண்டு, யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பத்தைத் தேடிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கருவறையின் வெளிச்சுவர் அடியில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகின்றன. நின்றபடி பார்த்தால் ஒன்றும் பிடிபடாது, தரையில் உட்கார வேண்டும். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட அவிநாசிக் கதை அங்கே இருக்கிறது. முதலையின் வாயிலிருந்து பிள்ளை வெளியே வருகிறான். சேக்கிழார் பெரிய புராணம் பாடியது இந்த ராஜராஜனின் தகப்பன் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அப்பா காலத்துப் பாட்டை மகன் கல்லில் ஏற்றிவிட்டான். என் ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதியை அங்கேதான் செலவழிப்பேன், மற்றதற்கெல்லாம் மேலோட்டமாக ஒரு சுற்று. இதற்காக யாரும் என்னைக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வெளியே வந்தால் பட்டு நெசவுத் தெருக்கள். தறிச் சத்தம் வழிகாட்டும். வீட்டுக்குள் பேச்சு சௌராஷ்டிரத்தில் நடக்கும், நம்மைக் கண்டதும் தமிழுக்கு மாறும். ஒரு வீட்டில் பாவில் அறுந்த இழையை ஓர் அம்மா முடிந்துகொண்டிருந்தார். அத்தனை இழைகளுக்கு நடுவே அறுந்ததைக் கண்ணால் தேடவில்லை, விரலால் தடவியே எடுத்தார். "புடவை பார்க்கிறீங்களா?" என்று கேட்டார். தறியைத்தான் பார்க்க வந்தேன் என்றதும், "அப்போ உள்ள வந்து உட்காருங்க" என்றார். வாங்காதவனுக்கும் அங்கே மோர் உண்டு.

பக்கத்திலேயே சுவாமிமலை. முன்னோர் தஞ்சையிலும் தாராசுரத்திலும் கோவில் வேலை செய்துவிட்டு அங்கே தங்கிப்போனவர்கள் என்று ஸ்தபதிகள் சொல்லிக்கொள்கிறார்கள். மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடியவிட்டு, உலோகத்தை உருக்கி ஊற்றுகிறார்கள். பிறகு மண் அச்சை உடைத்தாக வேண்டும். ஒரு அச்சில் ஒரே ஒரு சாமிதான். நான் போன பட்டறையில் பெரியவர் ஒருவர் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "இதுதான் தம்பி எங்க ஸ்கேலு. முகத்தோட நீளம்தான் கணக்கு. மத்ததெல்லாம் அதிலேருந்து தானா வரும்" என்றார். சென்டிமீட்டர் எல்லாம் அந்தப் பட்டறையில் பேச்சில் வரவேயில்லை. ஒரு பொம்மை உயரமானாலும் ஆள் உயரமானாலும் புது ஓலை, அதே மடிப்பு.

சாயங்காலம் திரும்பி வந்து தாராசுரத்துத் துவாரபாலகர் முன்னால் நின்றபோது, என்னை அறியாமல் முகத்தை விரலிடுக்கில் பிடித்து மார்பு வரை, தொப்புள் வரை, முழங்கால் வரை எண்ணத் தொடங்கியிருந்தேன். காவலாளி ஒருமாதிரி பார்த்தார். காலையில் அதே சிலையைத் தாண்டித்தான் போயிருக்கிறேன், ஒரு நொடிகூட நிற்கவில்லை.

இப்படிச் சுற்றுவதால் பட்டியலில் பாதி கோவில்கள் விட்டுப்போகின்றன. கும்பகோணம் போய் இன்னின்னதைப் பார்க்காமல் வந்தாயா என்று என் அக்கா இன்னும் கேட்கிறாள். அவளுக்குத் திருவையாற்று அசோகா அல்வாவை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் கேள்வி நின்றுவிடும். பாசிப்பருப்பும் நெய்யுமாக, தொட்டால் கையில் ஒட்டாத பதத்தில் இருக்க வேண்டும்.

கடப்பாவைத்தான் கட்டிக்கொண்டு வர முடியாது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பு மணக்க வேக, இட்லிக்குக் கும்பகோணத்தில் ஊற்றித் தருவார்கள். எல்லாக் கடையிலும் எல்லா நாளும் போடுவதில்லை. முதல் நாள் இரவே கல்லாவில் கேட்டு வைத்துவிட்டு, காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். கோவில் எப்படியும் அங்கேதான் இருக்கும்.