மட்டாஞ்சேரியில் ஒரு பாலைவன நினைவு



உத்திரமேரூருக்கு வருவோர், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களிலுள்ள குடவோலைக் கல்வெட்டுகளைக் காணாமல் திரும்புவதில்லை. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. அவற்றுக்கு ஏறத்தாழ 80 ஆண்டுகள் பிற்பட்ட செப்பேடு ஒன்று, கொச்சி மட்டாஞ்சேரியின் யூதர்களிடம் வழிவழியாக இருந்து வருகிறது. சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கிய பட்டயம் அது. தமிழுக்கு மிக நெருங்கிய பழைய மொழியில், வட்டெழுத்தில் எழுதப்பட்டது.

சென்னையில் மாலையில் இரயிலேறினால் மறுநாள் காலை எர்ணாகுளம் சேரலாம். அங்கிருந்து படகில் மட்டாஞ்சேரி செல்லுங்கள். மிளகும் ஏலமும் மணக்கும் கடைத்தெருவின் முடிவில், 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதப்பள்ளி நிற்கிறது. கேரளத்தில் மசூதியையும் மாதாகோயிலையும் யூதர் ஆலயத்தையும் 'பள்ளி' என்ற ஒரே சொல்லால் வழங்குவர். அரசரின் அரண்மனையை ஒட்டியே இதற்கு இடம் தரப்பட்டது. சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் பார்வையாளருக்கு அனுமதியில்லை. நாளறிந்து செல்வது நலம்.

அப்பண்டிகைகள் எவை? மூஸா (அலை) அவர்களுடன் எகிப்தை விட்டு வெளியேறிய இஸ்ராயீலின் மக்கள் 40 ஆண்டுகள் பாலைவனத்தில் அலைந்ததையும், மேகம் அவர்களுக்கு நிழலிட்டதையும், மன்னும் ஸல்வாவும் இறங்கியதையும் திருக்குர்ஆன் வழியே நம் மதரஸாப் பிள்ளைகள் அறிவார்கள். அவ்வரலாற்றையே யூதர்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர். அவசரமாகப் புறப்பட்டதை நினைந்து பஸ்கா நாட்களில் புளிப்பில்லா அப்பம் உண்கின்றனர். பாலைவனக் குடில்களை நினைந்து, சுக்கோத் பண்டிகையின் 7 நாட்களும் இலை வேய்ந்த குடிலில் அமர்ந்து உணவருந்துகின்றனர். கொச்சியில் அக்குடிலுக்குத் தென்னங்கீற்றே கூரை.

அவர்களுடைய மாதங்களும் பிறைக் கணக்கே. ஆயினும் 19 ஆண்டுகளுக்கு 7 மாதங்களைக் கூடுதலாகச் சேர்ப்பதால், அவர்களின் பண்டிகைகள் பருவம் மாறுவதில்லை. நமது ரமளானோ எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, மூஸா (அலை) காப்பாற்றப்பட்ட நாளுக்காக யூதர்கள் நோன்பிருந்ததைக் கண்டு, தாமும் ஆஷூரா நோன்பு நோற்றதை நாம் அறிவோம்.

இஸ்ரேல் உருவான பின், 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்குச் சென்றனர். நெகேவ் பாலைவனத்தின் நெவாதிம் என்னும் ஊரில் 1954 முதல் பலர் குடியமர்த்தப்பட்டனர். தென்னங்கீற்றின் கீழிருந்து பாலைவனத்தை நினைத்தவர்கள் மெய்யான பாலைவனத்திற்கே சென்று வாழ்ந்தனர். அதே நெகேவில், தலைமுறைகளாக ஆடும் ஒட்டகமும் மேய்த்த அரபுப் பதூயின் குடும்பங்கள் பல தம் மண்ணை இழந்ததும் வரலாறே.

மட்டாஞ்சேரியில் எஞ்சியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். கூட்டு வழிபாட்டிற்கு வேண்டிய 10 ஆண்கள் இன்று உள்ளூரில் இல்லை. அத்தெருவில் பூந்தையல் கடை நடத்திய சாரா கோஹன் என்ற மூதாட்டி, 2019இல் தமது 96ஆம் வயதில் மறைந்தார். கணவர் இறந்தபின் அவரைத் தாயெனப் பேணியவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம். சிறுவயதில் அத்தெருவில் அஞ்சலட்டை விற்றவர் அவர். சாராவின் கணவரிடம் அளித்த வாக்கை இறுதிவரை காத்தார். யூதர் அணியும் தொப்பிகளைத் தைக்கக் கற்றார். மூதாட்டியின் மறைவுக்குப் பின்னும் அக்கடையைக் காத்து வந்தார்.

பாலஸ்தீனத்தின் துயரம் நம் நெஞ்சைச் சுடுகிறது. அநீதியை அநீதி என்று சொல்வது நம் கடமை. ஆனால் ஓர் அரசின் செயலுக்காக, அடுத்த வீட்டு மூதாட்டியைப் பகையாக எண்ண மார்க்கம் இடந்தரவில்லை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்யலாகாது என்பது இறைமறையின் போதனை. அண்டை வீட்டாரின் உரிமையை நபிகளார் (ஸல்) எத்தனை முறை வலியுறுத்தினார்கள்! விடுமுறையில் பிள்ளைகளை மட்டாஞ்சேரிக்கு அழைத்துச் செல்லுங்கள். செப்பேட்டின் கதையோடு தாஹாவின் கதையையும் சொல்லுங்கள்.

அண்டை வீட்டார் உரிமை பேணும் நன்மக்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.