துளையும் இடைவெளியும்

கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு ஹாலின் நடுவில் நின்றார் அந்த அறிவியல் டீச்சர். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். கொஞ்சம் தள்ளி நின்ற கணக்கு வாத்தியார் தாளைப் பார்த்து வாசித்தார்: "முன்னால நாலு எட்டு. வலப்பக்கம் திரும்பு. முன்னால மூணு எட்டு. உட்கார்." டீச்சர் நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி, வெறுங்காற்றில் உட்காரப் போனவரை இரண்டு பேர் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

"வலப்பக்கம்னா எவ்வளவுங்க சார்? அதைச் சொல்லவே இல்லையே!"

சிரிப்பு அடங்கியதும், பயிற்சி கொடுக்க வந்திருந்த பொறியியல் கல்லூரி மாணவி சொன்னாள்: "உங்க ரோபோவும் இதையேதான் கேட்கும் மேடம். ஆனா வாய்விட்டுக் கேட்காது. போய் முட்டும்."

கோவையில் ஒரு பள்ளி. ஆகஸ்ட் மாதத்துச் சனி, ஞாயிறு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் பதினெட்டு ஆசிரியர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தங்கள் பள்ளி ரோபோ அணிக்குக் கோச் ஆகப் போகிறவர்கள். ஸ்க்ரூடிரைவரைப் பழக்கத்தோடு பிடிக்கிறவர்கள் அதில் மூன்று பேர் இருந்தால் அதிகம். ஒருவர் தமிழாசிரியை. "ஸ்டாஃப் மீட்டிங்ல யாரும் வேண்டாம்னு சொல்லலைங்க, நானும் சொல்லலை. கடைசியில என் பேரை எழுதிட்டாங்க" என்றார்.

கண்ணைக் கட்டி நடக்கும் விளையாட்டு பழையது. 1967-இல் குழந்தைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர் சீமோர் பேப்பர்ட். தரையில் ஊர்ந்து கோடு போடும் ஓர் இயந்திர ஆமையைக் குழந்தைகள் அந்த மொழியில் நடத்தினார்கள். ஆமை எப்படித் திரும்பும் என்று குழம்பினால், நீயே ஆமையாகி நடந்து பார் என்பதுதான் அவர் வழி. 1980-இல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயர் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்'. லெகோ நிறுவனம் 1998-இல் வெளியிட்ட ரோபோப் பெட்டிக்கு அந்தப் பெயரையே வைத்தது.

அதே ஆண்டில்தான் ஃபர்ஸ்ட் என்ற அமெரிக்க அமைப்பும் லெகோவும் சேர்ந்து ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியைத் தொடங்கின. 9 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகள், ஓர் அணிக்குப் பத்துப் பேர் வரை. எட்டடிக்கு நாலடி மேசை, அதன்மேல் விரித்த பாய், பாயின்மேல் லெகோவால் கட்டிய பொருள்கள். இதைத் தள்ளு, அதைத் தூக்கு, அங்கே கொண்டுபோய் வை என்று வேலைகள். ரோபோ தானாக ஓட வேண்டும். நேரம் இரண்டரை நிமிடம். அணியின் சார்பில் அப்போது மேசையருகே நிற்பது பிள்ளைகள் மட்டும். கோச் தள்ளி நின்று நகத்தைக் கடிக்கலாம். போட்டி அதோடு முடிவதில்லை. தனி அறையில் நடுவர்கள் பிள்ளைகளிடம் கேட்பார்கள்: இந்தச் சக்கரம் ஏன்? இந்தக் கை ஏன் இந்தப் பக்கம்? பெரியவர் கட்டிக் கொடுத்த ரோபோ அந்த அறையில் பல்லிளித்துவிடும்.

இங்கே கருவிகளுக்குப் பெரிய பஞ்சம் இல்லை. 2016-இல் தொடங்கிய மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டம் வழியாகவே பல பள்ளிகளுக்கு மோட்டாரும் சென்சாரும் 3டி பிரிண்டரும் வந்துவிட்டன. பெட்டி வந்த வேகத்துக்கு அதைத் திறந்து வேலை செய்யும் கை வரவில்லை. அந்தக் கை எப்படி வருகிறது என்று பார்க்கத்தான் போனேன். நான் லேத் பட்டறைக்காரர் மகன். இதெல்லாம் நமக்குத் தெரியாததா என்ற எண்ணமும் கொஞ்சம் கூடவே வந்தது.

கட்டுமானப் பாடம் எடுத்தவர் மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றின் டூல் ரூமில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பீமை எடுத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தார். "பிளாஸ்டிக்தானேன்னு நினைச்சுடாதீங்க. துளைக்குத் துளை எட்டு மில்லி. இதுல தப்பு வராது. வந்தா, நாம எண்ணுனதுல வந்ததுங்க."

முதல் வேலை: ஆடாத ஒரு தூண் கட்ட வேண்டும். நிமிர்ந்த பீமுக்கும் படுத்த பீமுக்கும் குறுக்கே ஒரு முட்டு. "கொத்தனார் கடக்கால் போடறப்ப நூல் பிடிச்சு மூலை பார்ப்பாரில்லைங்களா, மூணு, நாலு, அஞ்சு. அதேதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

தமிழாசிரியை சுறுசுறுப்பாக எண்ணினார். படுத்த பீமில் மூன்றாவது துளை, நிமிர்ந்ததில் நான்காவது, முட்டில் ஐந்தாவது. பின்னைச் சொருகினார். தூண் பின்பக்கமாகச் சாய்ந்து நின்றது. பெரியவர் அந்தப் பக்கமாக வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த குழுவுக்குப் போய்விட்டார். எனக்கு வாய் துறுதுறுத்தது.

பத்து நிமிடம் ஆயிற்று. பின்னைக் கழற்றி மாட்டினார், பீமை மாற்றினார், பக்கத்து வாத்தியாரிடம் பாகைமானி வாங்கி வைத்துப் பார்த்தார். "நூத்திநாலு காட்டுதுங்க!" அப்புறம் விரலால் துளைகளைத் தொட்டுத் தொட்டு வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "அட, வேலி போடற மாதிரிங்க இது! பத்துக் கல்லு நட்டா ஒம்பது இடைவெளிதான். நான் கல்லை எண்ணிட்டேன்." மூன்றாவது துளைக்கு இரண்டே இடைவெளி. அவர் கட்டியது 2, 3, 4 முக்கோணம். அதில் செங்கோணம் வராது. நாலு, ஐந்து, ஆறாவது துளைகளுக்கு மாற்றினார். தூண் நேரே நின்றது.

டீ குடிக்கும்போது பெரியவரிடம் கேட்டேன், அப்போதே சொல்லியிருக்கலாமே என்று. "சொன்னா அந்தம்மாவுக்குத் தூண் கிடைச்சிருக்கும். இப்ப வேலி கிடைச்சிருக்குதுங்க. அவங்க பசங்க முப்பது பேரும் இதே தப்பைப் பண்ணுவாங்க. பண்றப்ப அவங்களுக்குக் கோபம் வராது."

பிற்பகல் கியர்களோடு போயிற்று. இந்தக் கியர்களில் பல்லின் எண்ணிக்கையில் பாதிதான் மில்லிமீட்டரில் ஆரம். 8 பல்லுக்கு 4 மில்லி, 24 பல்லுக்கு 12. இரண்டும் கவ்வி நிற்க அச்சுகளுக்கு நடுவே 16 மில்லி வேண்டும். அதாவது இரண்டு இடைவெளி. 12-ம் 20-ம் சேர்ந்தாலும் அதே 32 பல், அதே இரண்டு இடைவெளி. 8-ம் 40-ம் என்றால் 48 பல், மூன்று இடைவெளி. "பல்லைக் கூட்டி பதினாறால வகுங்க, இடம் தெரிஞ்சுடும்" என்று கணக்கு வாத்தியார் தானே கண்டுபிடித்துப் பலகையில் எழுதியபோது, அவர் முகத்தில் அன்று காலை இல்லாத ஒன்று இருந்தது. கறுப்புப் பின் துளையை இறுக்கிப் பிடிக்கும், சாம்பல் நிறப் பின் வழுக்கிச் சுழலும் என்பதையும், கியரைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தால் பல்லுக்குப் பல் உள்ள சிறு ஆட்டம் தெரியும் என்பதையும் விரல்கள் கற்றுக்கொண்டன. பெரியவர் அந்த ஆட்டத்தைப் பட்டறைச் சொல்லால் 'ப்ளே' என்றார். மாலைக்குள் எல்லோரும் "இதுல ப்ளே இருக்குங்க சார்" என்று குறை சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

ஞாயிறு காலை புரோகிராமிங். பெண்களே அதிகம் பயந்தது இதற்கு என்று நினைத்திருந்தேன். முதலில் பயந்தது கணக்கு வாத்தியார். ரோபோ நின்ற இடத்திலேயே 90 டிகிரி திரும்ப வேண்டும், சக்கரம் எத்தனை டிகிரி சுற்ற வேண்டும் என்று கேட்டாள் அந்த மாணவி. சக்கரத்தின் விட்டம் 5.6 சென்டிமீட்டர். வாத்தியார் பையையும் சுற்றளவையும் எழுதி மூன்று வரி தாண்டித் திணறினார். "இரண்டு சக்கரத்துக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு நீங்கதானே சார் முடிவு பண்றீங்க? பதினஞ்சு துளை பீமோட இந்தக் கோடித் துளைக்கும் அந்தக் கோடித் துளைக்கும் நேரா சக்கரத்தை வெச்சுப் பாருங்க" என்றாள். பதினைந்து துளை, பதினான்கு இடைவெளி, 11.2 சென்டிமீட்டர். சக்கரத்தின் விட்டத்தைப் போலச் சரியாக இரண்டு மடங்கு. மேலும் கீழும் இருந்த பை அடிபட்டுப் போயிற்று. ரோபோ 90 திரும்பச் சக்கரம் 180 சுற்றினால் போதும். வேலிக்கல் கணக்கு தெரிந்த தமிழாசிரியைதான் முதலில் சிரித்தார்.

கோட்டைப் பின்தொடரும் பாடத்தில் எல்லோருடைய ரோபோவும் குடித்தவன் போல் ஆடியது. நிற சென்சார் கோட்டின் மேலே போவதில்லை, அதன் ஓரத்தைப் பிடித்துப் போகிறது. வெள்ளையில் அதிக வெளிச்சம் திரும்பி வரும், கறுப்பில் குறைவு, ஓரத்தில் இரண்டுக்கும் நடுவே. விலகியவுடன் ஒரேயடியாகத் திருப்பினால் ஆட்டம். "மருதமலை ரோட்டுல ஸ்டியரிங்கை ஒடிச்சு ஒடிச்சா ஓட்டுவீங்க? எவ்வளவு விலகுதோ அவ்வளவு மட்டும் திருப்புங்க" என்றாள். விலகலை ஓர் எண்ணால் பெருக்கித் திருப்பம் ஆக்கினார்கள். அந்த எண்ணைக் கூட்டிக் குறைத்துப் பார்த்ததில் மதியம் ஆகிவிட்டது.

என் மனதில் நின்றது சுவர்ப் பாடம். ஒரு டிகிரி பிசகிப் புறப்பட்ட ரோபோ இரண்டு மீட்டர் போவதற்குள் மூன்றரை சென்டிமீட்டர் விலகிவிடும். எவ்வளவு நல்ல புரோகிராமும் பிழையைச் சேர்த்துக்கொண்டேதான் போகும். ஆகவே வழியில் வேண்டுமென்றே ரோபோவைப் பின்னால் ஓட்டி மேசைச் சுவரில் முதுகைச் சாத்தச் சொல்கிறார்கள். அங்கே கோணம் நேராகிறது. அதுவரை சேர்ந்த சாய்வு கழிகிறது. கரண்ட் போன வீட்டில் சுவரைத் தொட்டுத் தொட்டு மெழுகுவத்தி எடுக்கப் போகிற வித்தை.

சாப்பாட்டுக்குப் பிறகு கடைசிப் பயிற்சி. இரண்டிரண்டு பேர். ஒருவர் பிள்ளை, ஒருவர் கோச். கோச் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், கேள்வி மட்டும் கேட்கலாம். "அந்தப் பின்னை எடுங்க" என்றால் அவுட். "ரோபோ இப்ப என்ன பண்ணுச்சு? நீங்க என்ன எதிர்பார்த்தீங்க?" என்றால் சரி. முதல் சுற்றில் ஐந்து நிமிடத்துக்குள் ஏழு பேர் அவுட். மாணவியும் தன் கதையைச் சொன்னாள். பள்ளியில் அவளும் இந்தப் போட்டியில் இருந்தவள். "எங்க கோச்சுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு ரொம்ப நாள் நினைச்சுட்டிருந்தேன். எதைக் கேட்டாலும் 'நீ என்ன நினைக்கறே'ம்பாரு. காலேஜ் வந்தப்புறம்தான் புரிஞ்சுது, தெரிஞ்சே சும்மா இருந்திருக்காருன்னு."

மூன்று மணிக்கு அந்தப் பள்ளியின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். புதிய கோச்சுகளுக்கு ஒத்திகை. தமிழாசிரியையின் குழுவில் ஒரு சிறுமி, இரட்டை ஜடை, தூண் கட்டிக்கொண்டிருந்தாள். மூணு, நாலு, அஞ்சு என்று துளைகளை எண்ணிப் பின்னைச் சொருகினாள். தூண் சாய்ந்தது. டீச்சர் பார்த்தார். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, "நேரா நிக்குதா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். சிறுமி இல்லையென்று தலையாட்டிக் கழற்றினாள். மறுபடியும் அதே துளைகள், மறுபடியும் அதே சாய்வு. டீச்சர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

நான் பக்கத்தில் குனிந்தேன். "துளையை எண்ணாதே சாமி, நடுவுல இருக்கற இடைவெளியை எண்ணு."

அவள் சரியாக எண்ணி மாட்டினாள். தூண் நேரே நின்றது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்து மறுபக்கத்துத் தூண். பீமை எடுத்தாள், பின்னை எடுத்தாள், முதல் துளையில் வைத்தாள். அப்புறம் துளைகளைப் பார்க்காமல் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.