கரையும் கடைமடையும்

மழைக்காலத்தில் எங்கள் சடையங்குப்பத்தார் வானிலை அறிக்கையைக் காட்டிலும் உன்னிப்பாகக் கேட்பது ஒன்றுண்டு. அது புழல் ஏரி திறப்பு அறிவிப்பு. உபரிநீர்க் கால்வாயின் இருமருங்கிலும் உள்ள ஊர்களை வரிசையாகச் சொல்லி வருவார்கள். நாரவாரிக்குப்பம், வடகரை, வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி என்று வந்து எங்கள் ஊரில் முடியும். அப்பால் எண்ணூர்க் கழிமுகமும் கடலும்தான். 2015 டிசம்பரில் அத்தாவைத் தோள்கொடுத்து அண்டை மாடிவீட்டில் ஏற்றியபின் என் கையில் எஞ்சியவை குடும்ப அட்டையும் ஒரு குர்ஆன் பிரதியும். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கென எழுதிய ஏட்டின் ஒரே படி நீரில் ஊறிப்போயிற்று. அதன் பொருள் 'புறநானூற்றில் நீர்நிலைகள்' என்று சொன்னால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். இப்போது நானும் சிரிக்கக் கற்றுக்கொண்டேன்.

பாரி மறைந்தபின் பறம்பு நாட்டுக் குளக்கரை காப்பாரின்றி உடைவதைக் கபிலர் பாடியதைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்தவன் நான். ஆயினும் பழைய கரையொன்றில் கால்வைத்து நடந்ததில்லை. அக்குறை சென்ற ஆண்டு தை மாதம் நீங்கியது. துறை மாணவர் பன்னிருவருடன் கடலூர் மாவட்டத்து லால்பேட்டையில் மூன்று நாள் தங்கினேன்.

லால்பேட்டை வீராணம் ஏரியை ஒட்டிய ஊர். வெற்றிலைக் கொடிக்கால்களாலும், 1862-இல் தோன்றிய மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரியாலும் பெயர்பெற்றது. அருகிலுள்ள காட்டுமன்னார்கோயிலோ நாதமுனிகள் பிறந்த தலம். ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடையோரைக் குறிக்கும் கல்வெட்டு, அதன் உடையார்குடிக் கோயிலில் இருக்கிறது. பேரூந்துகள் நிற்கும் பெரிய நகரங்களில் தங்கி ஓடி ஓடிப் பார்ப்பதைவிட இத்தகைய சிற்றூரில் தங்கிக் காலாற நடப்பதே மேல் என்பது என் கருத்து. மண்கரை நின்று பார்ப்பவனுக்கே தன்னைக் காட்டும்.

"ஐயா, கோயில் எங்கே?" என்றே மாணவர்கள் முதலில் கேட்டார்கள். நிற்கும் இடமே நினைவுச்சின்னம் என்று சொல்லவேண்டியிருந்தது. பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தகன் காலத்தில் எழுந்து, அவனது வீரநாராயணன் என்னும் பெயரைத் தாங்கி, ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளும் ஏரி இது. பிற்காலத்தில் கரையைப் பலமுறை உயர்த்தியும் பலப்படுத்தியும் இருக்கிறார்கள். 2004 முதல் சென்னையும் இதன் நீரைப் பருகுகிறது.

மறுநாள் கங்கைகொண்ட சோழபுரம் சென்றோம். கங்கைப் படையெடுப்பின் வெற்றித்தூணாக, நீராலான தூணாக, முதல் இராசேந்திரன் சோழகங்கத்தை அமைத்தான் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். கோயிலின் திருச்சுற்று மதிற்கற்களை 1836-இல் கொள்ளிடத்துக் கீழணைக்காகப் பெயர்த்துச் சென்றார்கள். அக்கீழணையிலிருந்தே வடவாறு வழியாக வீராணத்திற்கு நீர் வருகிறது. இடித்தவர்கள்மீது எழுந்த சினம், இதை எண்ணியபோது எனக்குப் பாதி தணிந்தது. முழுதும் தணியவில்லை.

எங்களுக்கு இடந்தந்தவர் என் பழைய மாணவர் ஒருவரின் பெரியத்தா, கொடிக்கால் வைத்திருப்பவர். அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் என்னை மட்டும் கரைக்கு அழைத்துச் சென்றார். அலை அரிக்காமல் உட்புறம் பதித்த கற்களைக் காட்டினார். ஓரிடத்தில் குனிந்து ஒரு வளையைக் குச்சியால் குத்திப் பார்த்தார்.

"நண்டு வளை, எலி வளை, இதுதான் தம்பி கரைக்குப் பகை. வெள்ளம் பிறகுதான் வரும். சபா அத்தியாயத்தில் ஓதுகிறோமே, அந்த அணையும் இப்படித்தான் போயிருக்கும்" என்றார். யமன் நாட்டு மஃரிப் அணையைச் சொல்கிறார் என்பது எனக்குச் சற்றுப் பிந்தியே விளங்கியது. எலி குடைந்து அவ்வணை உடைந்ததாக வழங்கும் கதையைச் சிறுவயதில் மதரஸாவில் கேட்டிருக்கிறேன்.

பின்னர், உபரிநீர் வெள்ளியங்கால் ஓடைக்கு இறங்கும் மதகருகே நின்றோம்.

"உங்களுக்கு எந்த ஊர்?"

"சடையங்குப்பம். புழல் ஏரித் தண்ணீர் கடலுக்குப் போகும் வழியின் கடைசி ஊர்."

அவர் சிறிதுநேரம் பேசவில்லை. "இந்தப் பலகையைத் தூக்கவில்லை என்றால் கரை போய்விடும். தூக்கினால் கீழே இருப்பவர் வீட்டுக்குள் தண்ணீர் போகும். எங்களூரில் நின்று பார்த்தால் தூக்குவதுதான் நியாயம். நீங்கள் கீழே இருப்பவர், நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்றார்.

என்னால் ஒன்றும் சொல்ல இயலவில்லை. அறிவிப்பின் மறுமுனையில் ஒரு கரை இருக்கிறது, அதைக் காக்க விழித்திருப்பாரும் இருக்கிறார்கள் என்று அந்த டிசம்பர் இரவில் நான் நினைத்ததில்லை. ஆயினும் ஊறிப்போன ஏடு நினைவில் வந்து அவருக்கு உடன்பட விடவில்லை.

புறப்படும்போது அத்தாவுக்கென்று ஒரு கவுளி வெற்றிலை தந்தார். வீட்டிற்கு வந்து நடந்தவற்றைச் சொன்னேன். பராந்தகனையும் செப்பேட்டையும் அத்தா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வெற்றிலையின் காம்பைக் கிள்ளியபடியே, "அங்கே தண்ணீரைத் திறந்தால் கடைசியில் இருக்கிற ஊர் எது?" என்றார். அதை நான் கேட்டு வரவில்லை.