350 டன் வீடு

2022 ஆகஸ்டில் ரைன் நதி வற்றிக் கிடந்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. பெரிய சரக்குக் கப்பல்கள் தரை தட்டாமலிருக்க மூன்றில் ஒரு பங்கு சரக்கோடு ஊர்ந்துகொண்டிருந்தன. நெதர்லாந்திலுள்ள நண்பரிடம் இதைப் பற்றி விசாரித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், அங்கே படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டர். "அண்ணை, பேப்பரில வாறது பெரிய கப்பல்காரரின்ர கதை. சின்னப் படகுச் சனத்தை வந்து பாருங்கோ. பத்து வருசம் போனா பாக்கேலாது" என்றார். அடுத்த மே மாதம் போனேன். அவரும் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, பேச்சை மொழிபெயர்க்க என்னோடு படகில் ஏறினார்.

படகின் வகைக்கு 'ஸ்பிட்ஸ்' என்று பெயர். நீளம் 38.5 மீட்டர், அகலம் 5.05 மீட்டர். இந்தக் கணக்கு பிரான்ஸிலிருந்து வந்தது. 1879இல் அமைச்சர் ஃப்ரேசினே கொண்டுவந்த சட்டப்படி அங்கே கால்வாய் லாக்குகளின் அகலம் 5.20 மீட்டர். லாக் என்பது இரு பக்கமும் கதவு வைத்த தொட்டி; உள்ளே தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். அதில் நுழையும்போது படகுக்கு இரு புறமும் ஏழரை சென்டிமீட்டர்தான் மிஞ்சும். இவ்வளவு ஒடுங்கிய படகு 350 டன் சுமக்கிறது. அதையே சாலையில் கொண்டுபோக பதினான்கு லாரி வேண்டும்.

அந்தப் படகு ஒரு தம்பதியின் வீடும்கூட. பின்பக்கத்தில் சமையலறை, படுக்கையறை, சன்னலில் பின்னல் திரைச்சீலை, தொட்டியில் செடி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எஞ்சின் ஓடும்வரை அலமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் நின்றால்தான் தனக்குத் தூக்கம் கலையும் என்றார் வீட்டுக்கார அம்மா. அவருக்கு 62 வயது, கணவருக்கு 66. கணவர் சுக்கான் பிடிக்கிறார், இவர் வடம் பிடிக்கிறார்.

ராட்டர்டாமில் மக்காச்சோளம் ஏற்றியாகிவிட்டது. வேகெல் என்ற ஊரின் தீவன ஆலைக்குப் போகிறோம். டோர்ட்ரெக்ட், கோரிங்கெம் தாண்டி வால் ஆற்றில் எதிரோட்டம். ஆறு மிதவைகளை ஒன்றாகக் கட்டி, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஒரு கப்பல் எங்களைத் தாண்டியது. ஜெர்மனியின் டூயிஸ்பர்க் உருக்காலைக்கு இரும்புத் தாது. அதன் அலையில் எங்கள் வீடு முழுக்க ஆடியது. அந்த அம்மா ஒரு கையால் காப்பிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தார்.

சின்ட் ஆண்ட்ரிஸ் லாக்கில்தான் அவருடைய தொழிலை நேரில் பார்த்தேன். வால் ஆற்றிலிருந்து மாஸ் ஆற்றுக்கு இறங்கும் இடம். படகு சுவரை ஒட்டி வரும்போது வடத்தின் கண்ணியை வீசினார்; அது சுவரின் இரும்பு முளையில் போய் விழுந்தது. மறுமுனையைப் படகிலிருந்த முளையில் எட்டு வடிவில் சுற்றினார், ஆனால் முடிச்சுப் போடவில்லை. கணவர் எஞ்சினை மெதுவாக முன்னோக்கி ஓடவிட்டார். வடம் இறுகி, படகு சுவரோடு ஒட்டி நின்றது. தண்ணீர் இறங்க இறங்க அவர் விரல்விரலாக வடத்தை விட்டுக்கொடுத்தார். வடம் முளையில் முனகியது. விடத் தவறினால் படகு கயிற்றில் தொங்கும். கயிறு அறுந்தால் எதிரே நிற்பவரை அடித்துப் போட்டுவிடும். கண்ணிக்குள் கட்டைவிரலை ஒருபோதும் நுழைக்காதே என்பதுதான் அவருக்கு அப்பா சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அப்பாவுக்கே இரண்டு விரல் கிடையாது. இவருடைய உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தேன்; காய்ந்த தோல்பட்டையைப் போல இருந்தது.

இவர் பிறந்ததே படகில். பாட்டி, காற்றில்லாத நாட்களில் தோளில் பட்டை மாட்டிக் கரையோரமாக நடந்து பாய்ப்படகை இழுத்தவர். ஏழு வயதில் இவரைப் படகுக்காரர் பிள்ளைகளுக்கான விடுதியில் விட்டார்கள். சரக்கு அந்தப் பக்கம் கிடைத்தால்தான் சனிக்கிழமை அப்பா அம்மாவைப் பார்க்க முடியும். பின்னாளில் தன் இரண்டு பிள்ளைகளையும் அதேபோல விடுதியில் விட்டபோது, திரும்பும் வழியெல்லாம் கணவரோடு பேசவில்லையாம். இன்று மகள் நர்ஸ், மகன் ஒரு லாரிக் கம்பெனியில் வேலை செய்கிறார். படகை எடுத்து நடத்த ஆளில்லை.

பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று கேட்டேன். கணவர் மேஜைமேல் இருந்த போனைக் காட்டினார்.

போனுக்கு முன்பு வேறொரு முறை இருந்தது. 1933இல் நெதர்லாந்தில் ஒரு சட்டம் வந்தது. உள்நாட்டுச் சரக்கு முறைப்படிதான் பிரித்துத் தரப்படும். படகுக்காரர்கள் சரக்குச் சந்தைக்கு வந்து பெயர் பதிவார்கள். முதலில் பதிந்தவருக்கு முதல் சரக்கு, கூலியும் முன்பே நிர்ணயித்தது. நம் ஆட்டோ ஸ்டாண்டில் முன்னால் நிற்கும் வண்டிக்கே முதல் சவாரி என்பதுபோல. அந்த முறையை எடுத்துவிட அரசு திட்டமிட்டபோது, 1975 ஆகஸ்டில் படகுக்காரர்கள் நாடு முழுக்க நீர்வழிகளைக் குறுக்கே படகு நிறுத்தி மறித்தார்கள். இந்த அம்மாவுக்கு அப்போது பதினான்கு வயது. மறித்த படகுகளில் அப்பாவுடையதும் ஒன்று. அந்த முறை மேலும் 23 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 1998 நவம்பர் 30ஆம் தேதியோடு அது முடிந்தது.

அதன்பின் எல்லாம் தரகரின் போன்தான். ஆலைக்காரர் ஒரு தரகரிடம் சொல்ல, அவர் இன்னொருவருக்குக் கைமாற்றுவதும் உண்டு. ஆலை கொடுத்த கூலி எவ்வளவு என்பது 350 டன்னைச் சுமந்துபோகிறவருக்குத் தெரியாது. இறக்கத் தாமதமானால் காத்திருப்புக் கூலி கேட்க உரிமை இருக்கிறது. கேட்டால் அடுத்த முறை போன் வராது. நண்பர் சொன்னார்: "அந்தத் தரகற்ற ஆபீசுக்கு இவங்கட பாஷையில 'காந்தோர்'. அதைத்தான் எங்கட ஊரில கந்தோர் எண்டுறம்." டச்சுக்காரர் இலங்கையில் விட்டுப்போன சொல். ஆற்றில் ஒரு நாளும் வடம் பிடிக்காதவர் கந்தோரில் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்தே வடம் பிடிப்பவரின் கூலியை முடிவு செய்கிறார். இதைச் சுதந்திரச் சந்தை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரே அளவு அறிவும் ஒரே அளவு பசியும் உள்ள இருவர் பேரம் பேசினால்தான் அது சந்தை.

2022 வறட்சியில் மட்டும் நிலைமை தலைகீழ். பெரிய கப்பல்கள் முடங்கியதால் குறைந்த ஆழத்தில் ஓடும் சின்னப் படகுகளுக்குக் கிராக்கி. போன் ஓயவில்லை, கூலியும் ஏறியது. மழை பெய்து ஆறு நிறைந்ததும் போன் அடங்கிவிட்டது. இப்போது 110 மீட்டர், 135 மீட்டர் கப்பல்களாகக் கட்டுகிறார்கள். ஸ்பிட்ஸ் நுழையும் சின்னக் கால்வாய்களில் அவை நுழைய முடியாது. ஸ்பிட்ஸ் போய்விட்டால் அந்தச் சரக்கு லாரிக்குத்தான் போகும்.

மறுநாள் எம்பெல் லாக்கில் ஏறி, 2014இல் திறந்த மாக்சிமா கால்வாய் வழியாக வேகெல் சேர்ந்தோம். ஆலையின் உறிஞ்சுகுழாய் மதியத்துக்குள் சோளத்தை எடுத்துவிட்டது. அந்த அம்மா காலிச் சரக்கறைக்குள் இறங்கி, மூலையில் கிடந்த மணிகளையும் துடைப்பத்தால் கூட்டி அள்ளினார்.

அடுத்த சரக்குக்கு அவர்கள் அதே கரையில் ஒன்பது நாள் காத்திருந்ததாக நண்பர் பிறகு எழுதினார்.