காய்ந்த பக்கத்து மூடி

தொழிற்சங்க நண்பர் ஒருவர் சொல்லித்தான் வடசென்னையின் அந்தத் தெருவுக்குப் போனேன். ஜெட் ராடிங் லாரி தயாராக நின்றது. ஆனால் வேலையைத் தொடங்கியது லாரி அல்ல. ஒரு மூங்கில் பிளாச்சு.

அதைப் பிடித்திருந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒப்பந்தத் தொழிலாளி. பெயர் போட வேண்டாம் என்றார். கடப்பாரையால் மேன்ஹோல் மூடியை நெம்பிவிட்டு விலகி நின்றார். உள்ளே கழுத்து வரை கழிவுநீர். அடுத்த மூடியைத் திறந்தால் அடியில் வெறும் ஈரம்.

"ரெண்டுக்கும் நடுவுலதான் சார் அடைப்பு. காஞ்ச பக்கத்துலேர்ந்துதான் கை வைக்கணும்."

தரையில் நின்றபடியே பிளாச்சைச் செலுத்தினார். அது வளைந்து குழாய்க்குள் போனது. கண்ணை மூடிக்கொண்டு லேசாக ஆட்டிப் பார்த்தார். "துணின்னா மெத்துன்னு இருக்கும். மணலுன்னா நறநறங்கும். வேருன்னா எதுத்துத் தள்ளும். இது மணலு."

குழாயில் நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் மணல் படியாது என்பது பொறியாளர் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே பொய்த்தது என்பதை இவர் விரல்கள் கண்டுபிடிக்கின்றன. அவர் கைகாட்டிய பிறகே லாரியின் குழாய் உள்ளே போனது. பின்னோக்கிப் பீய்ச்சும் நீரின் விசையில் அதன் முனை எதிர்த்திசையில் ஏறி மணலை இழுத்து வந்தது. அடைப்பு நீங்கி ஓடும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் சேர்ந்து, நுண்ணுயிர்களால் தெளிந்து வெளியேறும். கோயம்பேட்டில் மேலும் வடிகட்டித் தொழிற்சாலைகளுக்கும் விற்கிறார்கள்.

மூடியைத் திறந்ததும் ஏன் விலகினீர்கள் என்று கேட்டேன். இளவயதில் குழிக்குள் இறங்கி மயங்கிய இவரை மேலே இருந்தவர்கள் கயிற்றால் இழுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். "நாத்தம் வந்தா பரவால்ல சார். நாத்தம் நின்னுபோச்சுன்னாதான் பயம்." உண்மைதான். சாக்கடையில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அளவு மீறினால் மூக்கு மரத்துவிடும். அப்புறம் எச்சரிக்க எதுவும் இல்லை.

இத்தனை தெரிந்தவருக்கு வேலை நிரந்தரமில்லை. ஒப்பந்தக்காரர் கொடுத்த கையுறை கிழிந்துபோனதால், இப்போது சொந்தக் காசில் வாங்கியதைப் போட்டிருக்கிறார். சம்பளச் சீட்டை அவர் பார்த்ததே இல்லை. அவர் உழைப்புக்கான பணம் இடைக்கை ஒன்றில் தங்கிவிடுகிறது; ஆபத்து மட்டும் குறையாமல் அவரிடம் வந்து சேர்கிறது. இது திருட்டு.

பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை. சாக்கடை மரணத்துக்கு 2014இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்ற உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. செத்த பிறகு கிடைப்பதை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பினால் மலிவாக வருகிறார் என்று யாரையும் இறக்காதீர்கள். 14420ஐ அழையுங்கள், கழிவை உறிஞ்சும் வண்டி வரும்.