துச்சாதனனுக்குக் கால் பங்குதான்... மீதிப் பாவம் யாருக்கு?

மகாபாரதம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சேலைதான். துச்சாதனன் இழுக்க இழுக்க வளர்ந்துகொண்டே போகும் சேலை. 1980-களின் கடைசியில், டி.வி. இருந்த பக்கத்து வீட்டில் கூடி உட்கார்ந்து தூர்தர்ஷன் தொடரைப் பார்த்தவர்களுக்கும் சரி, இப்போது யூடியூபில் துண்டு துண்டாகப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் சரி, கண்ணன் அருளால் மானம் காப்பாற்றப்பட்டதும் மனசு ஆறிவிடும்.

ஆனால், வியாசரின் சபா பர்வத்தில் சேலைக்கு முன்னால் ஒரு கேள்வி வருகிறது. அதை அவ்வளவு சுலபமாகக் கடந்துவிட முடியாது.

நகுலன், சகாதேவன், அர்ச்சுனன், பீமன் என்று தம்பிகளை வரிசையாகத் தோற்ற தருமர், பிறகு தன்னையே வைத்துத் தோற்கிறார். ஆட்டம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். திரௌபதி இன்னும் மிச்சமிருக்கிறாள் என்று எடுத்துக் கொடுத்தது சகுனி. அவளையும் வைத்துத் தோற்றார். அவளை அழைத்துவர அந்தப்புரத்துக்குத் தேரோட்டியை அனுப்பினான் துரியோதனன். திரௌபதி அவனிடம் அழுது புலம்பவில்லை. தருமர் முதலில் தோற்றது தன்னையா, தன் மனைவியையா என்று கேட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

தானே அடிமையாகிவிட்ட ஒருவருக்கு, இன்னொருவரைப் பணயம் வைக்க ஏது உரிமை? வக்கீல் கேட்கிற கேள்வி இது. தலைமுடியைப் பிடித்து இழுத்து வரப்பட்டு, ஒற்றை ஆடையோடு சபை நடுவே நின்றபோதும் அவள் இதையேதான் கேட்டாள்.

கேட்டது சாதாரணமானவர்களிடமா? திருதராஷ்டிரன், பீஷ்மர், துரோணர், கிருபர், விதுரர் எல்லோரும் இருந்த சபை. பீஷ்மர் வாய் திறந்தார். சொந்தமாக எதுவும் இல்லாதவன் பணயம் வைக்க முடியாது என்பது ஒரு பக்கம், மனைவி கணவனுக்குக் கட்டுப்பட்டவள் என்பது இன்னொரு பக்கம், தர்மம் நுட்பமானது, தன்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை என்றார். அவர் சட்டச் சிக்கலை நேர்மையாக ஒப்புக்கொண்டார் என்று வாதாடுபவர்கள் உண்டு. இருக்கட்டும். அந்தப் பெண்ணின் முடியை விடுடா என்று சொல்ல எந்த நுட்பம் தேவை?

விதுரர்தான் சபைக்கு ஒரு பழைய கதையை நினைவுபடுத்தினார். பிரகலாதனின் மகன் விரோசனனுக்கும் சுதன்வா என்ற அந்தணனுக்கும் யார் உயர்ந்தவர் என்று போட்டி. பந்தயம் உயிர். தீர்ப்பு கேட்டு பிரகலாதனிடமே வந்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் மகன் போய்விடுவான். தயங்கிய பிரகலாதன் காசியப முனிவரிடம் ஆலோசனை கேட்க, அவர் ஒரு கணக்கு சொன்னார். சபையில் அநியாயம் நடந்து யாரும் கண்டிக்காவிட்டால், பாவத்தில் பாதி சபைத் தலைவருக்கு. கால் பங்கு செய்தவனுக்கு. மீதிக் கால் பங்கு, பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. கண்டித்துவிட்டாலோ, முழுப் பாவமும் செய்தவன் தலையில் போய் விழும். இதைக் கேட்ட பிரகலாதன் மகனுக்கு எதிராகவே தீர்ப்பு சொன்னான். சுதன்வா மனமிரங்கி மகனை விட்டுவிட்டான் என்பது வேறு விஷயம்.

கணக்கை இன்னொரு முறை பாருங்கள். சேலையில் கை வைத்த துச்சாதனனுக்குக் கால் பங்கு. சிம்மாசனத்தில் இருந்த திருதராஷ்டிரனுக்கு அதைப்போல இரண்டு மடங்கு. வேடிக்கை பார்த்தவர்களுக்கும் செய்தவனுக்கும் சரிசமம்!

இந்தக் கணக்குக்கு அஸ்தினாபுரம்தான் வேண்டும் என்றில்லை. நகை குறைந்துவிட்டது என்று மண்டபத்தில் நாலு பேர் முன்னால் பெண்ணின் அப்பாவை ஒருவர் கேவலமாகப் பேசுகிறார். பக்கத்து இலைப் பெரியவர்கள் அந்த நிமிஷம் பார்த்துப் பாயசத்தில் மும்முரமாகிவிடுவார்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மருமகளின் நிறத்தையோ சமையலையோ கேலி செய்து ஒரு பதிவு வருகிறது. முப்பது பேர் பார்த்ததற்கு நீல டிக் இருக்கும். பதிலுக்கு ஒரு வார்த்தை இருக்காது. 'நமக்கெதுக்கு வம்பு' என்பது பீஷ்மரின் நுட்பத்துக்கு நம் வீட்டுத் தமிழ்.

அன்றைக்குத் துணிந்து பேசிய ஒருவன் உண்டு. துரியோதனனின் தம்பி விகர்ணன். பெரியவர்கள் பேசாததால் தானே சொல்வதாக எழுந்து, காரணங்களை அடுக்கினான். சூது வெறியில் செய்தது செல்லாது, அவள் ஐவருக்கும் மனைவி, தருமர் ஏற்கெனவே தன்னைத் தோற்றவர், பெயரை எடுத்துக் கொடுத்ததே சகுனி. சபையில் அவனைப் புகழ்ந்து ஆரவாரம் எழுந்தது. கர்ணன் எழுந்து, சிறுபிள்ளை உனக்கென்ன தெரியும் என்று அதட்டினான். அவ்வளவுதான், ஆரவாரம் செய்தவர்கள் காணாமல்போனார்கள். அதன் பிறகுதான் சேலையில் கை விழுந்தது. அந்த ஆரவாரம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் நீடித்திருந்தால் என்று தோன்றாமல் இல்லை.

கடைசியில் அரண்மனையில் நரி ஊளையிட, கெட்ட சகுனம் கண்டு பயந்துதான் திருதராஷ்டிரன் வரம் கொடுக்க முன்வந்தான். திரௌபதி முதலில் தருமரின் விடுதலையையும், அடுத்து மற்ற நால்வரின் விடுதலையையும் கேட்டாள். மூன்றாவது வரம் வேண்டாம் என்றுவிட்டாள். அவள் கேள்விக்கான பதில் மட்டும் வரவே இல்லை.

பீஷ்மர் ஏன் அப்படி இருந்தார் என்பதை அவரே பிறகு சொல்லிவிடுகிறார். குருக்ஷேத்திரத்தில் போருக்கு முன் ஆசி வாங்க வந்த தருமரிடம், கௌரவர்களின் பொருளால் தான் கட்டுண்டவன் என்கிறார். துரோணரும் கிருபரும் சொன்னதும் அதேதான். விகர்ணனும் போரில் அண்ணன் பக்கமே நின்றான். நூறு பேரையும் கொல்வதாகச் சபதம் செய்திருந்த பீமன்தான் அவனைக் கொன்றான். கொன்றுவிட்டு, அவனுக்காக வருந்தினான்.

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு இந்தச் சபை நன்றாகத் தெரியும். துகில் கூத்து விடிய விடிய நடக்கும். துச்சாதனன் வேடம் கட்டியவர், சேலையைத் தொடும் முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்பு கேட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. சபை முழுக்க ஆட்களை நிறுத்தக் கூத்துக் குழுவால் முடியாது. எதிரே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஊரைப் பார்த்துத்தான் திரௌபதி நியாயம் கேட்பாள்.